இந்தப் பக்கம் ஆள் இல்லை

அந்த அக்காவுக்கு இடது கண் தெரியாது என்பது, நான் ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பூ விழவில்லை, சிவப்பில்லை, சுருக்கமில்லை. வலது கண் போகிற பக்கமெல்லாம் அதுவும் கூடவே போகும். வெயிலில் வந்தால் கூசும். அவர் ரொம்பவும் களைத்திருக்கிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாக ஒதுங்கி நிற்கும், கூட்டத்தில் தெரியாதவர் நிற்கிற மாதிரி.

எங்கள் தெருவில் ஏழெட்டு வீடு தள்ளித் தனியாக இருந்தார். நாற்பது வயதிருக்கும். பாவு பிணைப்பது அவர் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் கடைசி நுனிகளை உருவிவிட மாட்டார்கள். அச்சுக்குப் பின்னால் அப்படியே விட்டு வைத்து, புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான பட்டிழை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். அக்கா ஒரு இழையை முறுக்கியதும் நுனியைப் பிடித்து மெல்ல ஒரு இழுப்பு இழுப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து இழை விறைத்துப் பதில் கொடுத்தால்தான் அடுத்ததற்குப் போவார். மற்றவர்கள் பத்து இழைக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பதோடு சரி. இவர் ஒன்றையும் விட்டதில்லை.

மனிதர்களிடமும் அப்படித்தான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "இருக்கியா?" என்று கூப்பிடுவார். கதவு திறந்திருந்தாலும், உள்ளே ஆள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், பதில் வராமல் படியேற மாட்டார். மூன்று முறை கூப்பிடுவார். பதில் வந்தால் உள்ளே வந்து உட்கார்ந்து காபி கேட்டு வாங்கிக் குடிப்பார். வராவிட்டால் போய்விடுவார். கோபித்துக்கொண்டு போகிற நடை இல்லை அது. வீடு மாறி வந்துவிட்டவர் போல, தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்று நான் சொல்வது பக்கத்துப் பெண்ணுக்குக்கூடக் கேட்காது, பாதி நாள் எனக்கு ஆப்சென்ட் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவள், தறி ஓடுகிற வீட்டில், உள்ளறையில் ராட்டை வைத்து நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டு "இருக்கேன்கா" என்றால் யாருக்குக் கேட்கும்? ஒரு நாள் மூன்றாவது கூப்பாட்டுக்கு நானே எழுந்து ஓடி வாசலில் போய் நின்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பொண்ணே, வாய பட்டு நூலால தச்சி அனுப்பிட்டாங்களா உங்க வீட்ல? இன்னும் ஒரு நொடி போயிருந்தா உன்ன விட்டிருப்பேன்."

வேடிக்கையாகச் சொன்னார் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவருடைய தம்பி வந்தார்.

தம்பி கண்ணமங்கலத்தில் இருந்தார். ஏதோ வீட்டுத் தகராறில் மூன்று வருடம் அக்காவிடம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் துணியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்தவருக்குப் பாய் போட்டார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்.

"எந்த ஊருங்க நீங்க?"

தம்பி சிரித்தார். "போதும்கா. தப்புதான். மன்னிச்சிக்கோ."

"இல்லீங்க. பாவு பிணைக்கக் கூப்ட வந்தீங்களா? இந்த வாரம் முடியாதே."

அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது. அப்பா பேரைச் சொன்னார், அம்மா பேரைச் சொன்னார். சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த தழும்பைக் காட்டினார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வேறு யாருடைய குடும்பத்தைப் பற்றியோ கேட்கிற முகம். "பாவம், அவங்கள எனக்குத் தெரியாதுங்களே" என்றார். அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டில் பலகாரத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுததை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

அதற்கடுத்தது பூக்காரம்மா. பன்னிரண்டு வருடமாக அக்காவுக்குத் தினமும் பூ கொடுத்தவர். அக்காவின் எதிர்வீட்டுக்கு ஒரு கம்பவுண்டர் குடும்பம் புதிதாகக் குடி வந்தது. அந்த வீட்டம்மாவுக்குக் கணீரென்ற குரல். அக்கா "இருக்கியா" என்று முடிப்பதற்குள் "இருக்கேன், வாங்க" என்பார். ஒரே மாதத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். அந்த மாதமே ஒரு நாள் பூக்காரம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மொழம் போடட்டான்னு கேட்டேன்மா. நீங்க இந்தத் தெருவுக்குப் புதுசான்னு கேக்குது. அதே ஆளு, அதே குரலு. நான் செத்துப் போய் நின்னுகினு இருக்கற மாதிரி இருந்திச்சி."

தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், அடுத்தது நானோ என்று நான் எண்ண ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "பூக்காரம்மாவ நெஜமாவே மறந்துட்டீங்களா அக்கா?"

அவர் இழையை முறுக்கிக்கொண்டே சொன்னார். "மறக்கறதுன்னா, ஒண்ணு இருந்திச்சி, இப்ப காணோம்னாவது தெரியணும் இல்ல? அது மாதிரி இல்ல இது. அந்த எடமே இல்ல."

பிறகு இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்கு அது தெரியவந்தது.

அவர் பிறந்த பத்தாம் நாள் கண் இரண்டும் ஒட்டிக்கொண்டதாம். அம்மா இலையை அரைத்து வைத்துத் துணியால் கட்டியிருக்கிறார். வலது பக்கம் சீக்கிரம் ஆறிவிட்டது. இடது பக்கம் ஆறவில்லை என்று கட்டியது கட்டியபடி ஒரு வருடம் திரும்பிவிட்டது. அவிழ்த்தபோது கண் பளிச்சென்று இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் படவேட்டு அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தினார்களாம். அந்தக் கண்ணில் பார்வை இல்லை என்பது அவர் பிணைக்கப் பழகும்போதுதான் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

"முப்பது வயசுல வேலூர்ல ஒரு டாக்டர்கிட்ட போனேன். வெளக்கடிச்சி வெளக்கடிச்சி பாத்தாரு. கண்ணுல ஒரு குத்தமும் இல்லம்மான்னாரு. அப்பறம் ஏன் சார் தெரியலன்னேன். கண்ணுல இருந்து போற நரம்பும் மூளையில இருக்கற நரம்பும் கை கோத்துக்கற எடம் இருக்குதாம். கோக்கறதுன்னா தொடக்கூடத் தொடாதாம். நடுவுல மயிரிழைக்கும் கம்மியா சந்து. அந்த சந்துல சேதி போய்க்கினே இருக்கணும். எதிர்ல இருக்கறதும் பதிலுக்கு ஒண்ணு அனுப்பிக்கினே இருக்கணும். இருக்கியான்னு இது கேக்கும், இருக்கேன்னு அது சொல்லும். சொல்லலன்னா, கொஞ்ச நாள் பாக்கும். அப்பறம் கைய இழுத்துக்கும். அந்த எடத்த நல்ல கண்ணு எடுத்துக்கும்."

"நாம ஒண்ணும் பண்ண முடியாதா?"

"நம்மள யாரு கேட்டா? கொழந்தைக்கு எக்கச்சக்கமா கை இருக்குமாம். எத்தினி வச்சிக்கணும், எத்தினி விடணும்னு அதுங்களே பேசி முடிவு பண்ணிக்குமாம். என் மண்டைக்குள்ளதான் பேசிச்சிங்க. எனக்கே தெரியாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு சட்டத்தைத் தெரிந்துகொண்ட ஆளின் முகம் அது. வேலூரிலிருந்து வந்த பிறகுதான் இந்த மூன்று கூப்பாடு ஆரம்பித்தது என்று தெருவில் சொல்வார்கள்.

எனக்கு மகள் பிறந்தாள். பிறந்த ஒரு வருடத்தில் இடது கண் மூக்குப் பக்கமாக லேசாகத் திரும்ப ஆரம்பித்தது. என் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. மாறுகண் அதிர்ஷ்டம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்த வருடம்தான் வீட்டில் இரண்டாவது தறி இறங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டுவார்.

குழந்தைக்கு இரண்டரை வயதில் அக்கா எங்கள் வீட்டுக்குப் பாவு பிணைக்க வந்தார். வேலைக்கு நடுவில் அவளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். அடுத்து வலது கண்ணை மூடினார். குழந்தை வீறிட்டாள். கையைத் தள்ளினாள், கடித்தாள். அக்கா கையை எடுத்தார். மறுபடியும் இடது, மறுபடியும் வலது. மறுபடியும் அதே அலறல். குழந்தையின் கன்னமெல்லாம் சாம்பல்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பக்கம் ஆள் இல்ல."

மாமியார் சண்டைக்கு வந்தார். "நல்ல வாய் இல்ல உனக்கு? அது அதிர்ஷ்டக் கண்ணு."

"அதிர்ஷ்டம் சரி. அது பாக்குமா?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் முழுசா போயிருக்காது. கூப்ட்டா வரும். ஜல்தியா வேலூருக்குக் கூட்டிகினு போ. வயசு ஏறிட்டா கூப்ட்டும் புண்ணியம் இல்ல" என்றார்.

என் வாழ்க்கையில் நான் பிடிவாதம் பிடித்தது அந்த ஒரு தடவைதான். வாய் திறந்து சண்டை போடவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். வீட்டுக்காரர் பஸ் ஏற்றி அனுப்பினார்.

வேலூர் டாக்டரும் அக்கா சொன்னதைத்தான் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். நல்ல கண்ணை பிளாஸ்திரியால் மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்க வேண்டும் என்றார். "காலையில இருந்து மத்தியான சாப்பாடு வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட வேண்டாம். நல்ல கண்ணும் விட்டுப் போயிடும்" என்று இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் பிளாஸ்திரி நிற்கவில்லை. குழந்தை தறிக்குழி ஓரத்தில் தடுமாறுவாள், கதவில் இடித்துக்கொண்டு அழுவாள். நான் திரும்புவதற்குள் மாமியார் பிய்த்துப் போட்டிருப்பார். "குருடு இல்லாத புள்ளய குருடாக்கறா" என்பார். கடைசியில் அக்காதான் சொன்னார்: "காலையில எங்கிட்ட உட்டுடு. நான் பாத்துக்கறேன்." அந்த மாதம் அவர் வெளிவேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் நாட்களில் மத்தியானம் நான் போய் அழைத்து வந்தேன். பிறகு வேலை நெருக்கடி. "தூங்கறா, அப்பறமா வா" என்பார் அக்கா. நானும் சரியென்று திரும்பிவிடுவேன். மாலையில் அழைத்து வரும்போது பிளாஸ்திரி இருக்காது. அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான்கைந்து வாரத்தில் குழந்தை அந்தக் கண்ணால் தானியத்தில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். எனக்கு அக்காவின் காலில் விழலாம் போல இருந்தது.

ஒரு நாள் நாலு மணி வாக்கில் சொல்லாமல் போனேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். கூரைக் கண்ணாடி வழியாக ஒரு துண்டு வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. குழந்தை அதற்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், வலது கண்ணில் பிளாஸ்திரியோடு. எதிரில் அக்கா. அவரும் தன்னுடைய வலது கண்ணை ஒரு கறுப்புத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். வெளியே தெரிந்தது அந்த இடது கண் மட்டும்தான். அது அகலத் திறந்து, நேராகக் குழந்தையைப் பார்த்தது.

"இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்" என்றாள் என் மகள்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

எவ்வளவு நேரமாக அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது. குழந்தையின் குரலில் விளையாட்டே இல்லை. நான் உள்ளே வந்து நின்றேன். அக்காவின் அந்தக் கண் என் பக்கம் திரும்பியது. என்னைத் தாண்டிப் போனது. திரும்பவும் வந்தது.

"யாரு அது? நெழலு மாதிரி ஒண்ணு..." என்றார். குரல் நடுங்கியது.

நான் குழந்தையைத் தூக்கி பிளாஸ்திரியைப் பிய்த்தேன். அவள் அந்த நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள். கசக்கினாள். பிறகு என் கன்னத்தைத் தடவினாள்.

"அம்மா, நீ மங்கலா இருக்கே."

அன்றைக்குத்தான் நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. தெருவில் தறிச்சத்தம் நின்றது. "மத்தியானத்துக்கு மேல வேணாம்னு டாக்டர் சொன்னாரு இல்ல? எத்தினி நாளாக்கா இது?"

அக்கா துணியை அவிழ்த்தார். கொஞ்சமும் பதறவில்லை. "நல்ல கண்ணு இருக்கற எடத்தையெல்லாம் புடிச்சிக்கினு உட்டுக்குடுக்க மாட்டேங்குதுமா. அது கொஞ்சம் கைய விட்டாத்தான் இதுக்கு எடம். இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தா முழுசா வந்திருக்கும்."

"எது போனாலும் பரவாயில்லையா?"

"ஒண்ணு போனாத்தான் ஒண்ணு வரும்" என்றார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் குரல் கேட்டது. "இருக்கியா?"

நான் உள்ளறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். ராட்டையை நிறுத்தினேன். மாமியார் என்னைப் பார்த்தார். வீட்டுக்காரரும் தறியை நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இருக்கியா?"

குழந்தை வாயைத் திறந்தாள். பதில் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. நான் அவள் வாயைப் பொத்தினேன். என் கையில் அவள் மூச்சு சுட்டது.

மூன்றாவது முறை அவர் உடனே கூப்பிடவில்லை. ரொம்ப நேரம் நின்றார். வழக்கமாக அவ்வளவு நேரம் நிற்க மாட்டார். பிறகு முன் இரண்டைவிட மெதுவாக, "இருக்கியாம்மா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து வேலூரில் டாக்டர் குழந்தைக்கு எழுத்துக்குப் பதில் படம் காட்டிச் சோதித்தார். நல்ல கண் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இது திரும்பிடும், பயப்படாதீங்க" என்றார். பிறகு இடது கண்ணைச் சோதித்தார். திரும்பச் சோதித்தார். சீட்டைப் புரட்டிப் பழைய அளவைப் பார்த்தார்.

"நான் சொன்ன நேரம் மட்டும் கட்டியிருந்தா இவ்வளவு வந்திருக்காது. இது ரொம்ப ஆபத்தான வேலைம்மா. இன்னும் கொஞ்சம் போயிருந்தா ரெண்டாவது கண்ணுக்கு வைத்தியம் பண்ண வேண்டி வந்திருக்கும். ஆனா இந்தக் கண்ணு பிழைச்சிக்கிச்சு. யாரு கட்டினது?"

அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தாங்க" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முடிவு செய்துகொண்டேன், இறங்கியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போவதென்று. அவர் வாசல் வரை போனேன். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட வேண்டும். அவரை நான் ஒருநாளும் வாசலில் நின்று கூப்பிட்டதில்லை, எப்போதும் அவர்தான் என்னைக் கூப்பிடுவார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அப்படியே ஒன்றரை வருடம் போனது. அந்த ஒன்றரை வருடமும் எங்கள் வீட்டுப் பாவைப் பிணைக்க வேறொருவர் வந்தார்.

சமீபத்தில் டிவியில் ஒரு டாக்டர் பேசினார். மூளையில் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பித்தான் எத்தனை இணைப்பு என்பதைச் சரிபார்த்துக்கொள்கின்றனவாம். வளரச் சொல்லவும் சேதி உண்டு, விட்டுவிடச் சொல்லவும் சேதி உண்டு என்றார். எல்லா இணைப்பையும் வைத்துக்கொண்டால் மூளை வேலை செய்யாதாம். அவர் சிரித்த முகமாகச் சொன்னார். நான் எழுந்துபோய் டிவியை நிறுத்திவிட்டேன்.

மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்த புதிதில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அக்கா எதிரில் வந்தார். கையில் சாம்பல் டப்பா. நான் நின்றேன். தொண்டையில் இருந்ததையெல்லாம் கூட்டி, "அக்கா" என்று கூப்பிட்டேன். கேட்கிற மாதிரியே கூப்பிட்டேன்.

அவர் நின்றார். இரண்டு கண்ணும் என்மேல் இருந்தன.

"பாவு பிணைக்கணுமாம்மா? எந்த வீடு?"

வீட்டைச் சொன்னேன். அவருக்கு அடையாளம் பிடிபடவில்லை. கம்பவுண்டர் வீட்டிலிருந்து எத்தனையாவது என்று கேட்டுக்கொண்டார். "வியாழக்கிழமை வரேன்" என்றார். மகளின் முகத்தைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார், தெருவில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் சிரிக்கிற மாதிரி. பிறகு போனார்.

அவர் நடிக்கிறாரா, நிஜமா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளாவது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அந்த வீட்டில் சாப்பிட்டு, அந்த மடியில் தூங்கியவள். "பெரிம்மா, பெரிம்மா" என்று வாய் ஓயாதவள்.

அவள் கண்ணாடிக்குள் இரண்டு கண்ணையும் விரித்து, அக்கா தெருக்கோடி திரும்பும் வரை பார்த்தாள்.

"யாரும்மா அவங்க?" என்று கேட்டாள்.

"பாவு பிணைக்கறவங்க" என்றேன்.

இன்றுவரை அவளுக்கு நான் வேறு பதில் சொல்லவில்லை.